புதிய ஜனாதிபதி எதையெல்லாம் மாற்றிவிடுவார்? வெள்ளவத்தையில் ஒரு மேசைக்கு வந்த கேள்விகள்

வெள்ளவத்தையில் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, திருமணப் பதிவு என்று ஒரு மொழியில் இருப்பதை இன்னொரு மொழியில் ஆக்கி முத்திரை குத்திக் கொடுப்பது தொழில். வருகிறவர்கள் வேலை முடியும்வரை எதிரில் இருக்கும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பார்கள். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னும் பின்னும் அந்தக் கதிரையிலிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள்தாம் வந்துகொண்டிருந்தன. ஒரே பதிலை ஒரே கிழமையில் ஐந்தாறு பேருக்குச் சொன்ன பிறகு, எழுதி வைத்துவிடுவதே மேல் என்று தோன்றியது.

கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தின் மூன்று மொழிப் பிரதிகளையும் அருகருகே வைத்து வாசித்து வயிறு வளர்ப்பவன். வழக்கு என்று ஆகிவிட்டால் நீங்கள் போக வேண்டிய இடம் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடை.

ஐயா, ஜனாதிபதி மாறினால் சட்டமும் மாறிவிடுமா?

மாறாது. இப்போதிருக்கும் அரசியலமைப்பு 1978இல் ஜே. ஆர். ஜயவர்தன காலத்தில் வந்தது. அதன் பிறகு எத்தனையோ பேர் அந்தக் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்கள். அது திருத்தங்களோடு அங்கேயே இருக்கிறது. பதவியேற்ற அன்று காலையில் என்ன சட்டம் இருந்ததோ அதே சட்டம்தான் மாலையிலும்.

ஆனால் நாம் "சட்டம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது மூன்று தட்டில் இருக்கிறது. மேல் தட்டில் அரசியலமைப்பு. நடுத் தட்டில், பாராளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்றும் சட்டங்கள். கீழ்த் தட்டில், அமைச்சரோ செயலாளரோ கையொப்பமிட்டு வெளியிடும் வர்த்தமானி அறிவித்தல், ஒழுங்குவிதி, சுற்றறிக்கை. சனங்கள் பயப்படுவது மேல் தட்டைப் பார்த்து. என்னிடம் கலங்கிக்கொண்டு வருகிறவர்களின் கையில் இருப்பதோ அநேகமாகக் கீழ்த் தட்டுத் தாள்.

நான் யாருக்குப் போட்டேன் என்று அவர்களுக்குத் தெரியவருமா, தம்பி?

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டது. தெரியவராது. வாக்களிப்பு இரகசியமானது என்று அரசியலமைப்பின் 93ஆம் உறுப்புரை சொல்கிறது. விரலில் பூசும் மை நீங்கள் வாக்களித்ததைத்தான் காட்டும். மற்றது நீங்களாக வாய்திறந்தால் உண்டு. (அவர் திறந்துவிட்டார். நான் மறந்துவிட்டேன்.)

பாதிப் பேர்கூட அவருக்கு வாக்களிக்கவில்லையே, பிறகு எப்படி வென்றார்?

ஐம்பது வீதத்துக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த வாக்குகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பை எண்ணுவார்கள். 1982 முதல் நடந்த எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் அதற்குத் தேவை ஏற்படவில்லை. 2024இல்தான் முதல் தடவை. அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் கிடைத்தது 42.31 வீதம். இரண்டாவது எண்ணிக்கைக்குப் பிறகும் அவரே முன்னால் நின்றார்.

நம்மவர்களில் பலர் 1, 2, 3 என்று இடாமல் ஒரே ஒரு புள்ளடியோடு வந்துவிட்டார்கள். அந்த வாக்கு செல்லும். ஆனால் அவர் தெரிவுசெய்தவர் முதல் இருவரில் ஒருவராக இல்லையென்றால், இரண்டாவது எண்ணிக்கையில் அவருக்குக் குரல் இல்லை.

அரசியலமைப்பையே மாற்ற எத்தனை பேர் வேண்டும்? அவர்களிடம் 159 பேர் இருக்கிறார்களே.

225 பேரில் 150 பேர் வேண்டும். 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறில் மூன்றும் அதற்குள் அடக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். பயப்படுகிறவர்களின் வீட்டிலேயே வாக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆக, கையெண்ணிக்கை இருக்கிறது.

ஆனால் சில உறுப்புரைகளுக்கு அந்தக் கை போதாது. 1, 2, 3, 6, 7, 8, 9, 10, 11 ஆகியவற்றையும் இந்தப் பட்டியலைச் சொல்லும் 83ஐயும் மாற்றுவதென்றால் மூன்றில் இரண்டுக்கு மேலாக மக்கள் தீர்ப்பும், அதாவது நாட்டின் வாக்காளர்களிடமே ஆமா இல்லையா என்று கேட்கும் வாக்கெடுப்பும், வேண்டும். ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, பௌத்தத்துக்கு முதன்மை இடம், மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்குத் தடை எல்லாம் இதற்குள் வருகின்றன. அதாவது நமக்கு ஒவ்வாததும் நமக்கு வேண்டியதும் ஒரே பெட்டிக்குள், ஒரே பூட்டில் கிடக்கின்றன.

மக்கள் தீர்ப்பு என்றால் நமக்குப் பாதுகாப்புத்தானே?

அப்படித்தான் சொல்வார்கள். கதிரையில் இருந்தவர் அறுபதைத் தாண்டியவர் என்றால் 1982 டிசம்பர் 22ஐ நினைவூட்டுவேன். 1977இல் ஆறில் ஐந்து பெரும்பான்மையோடு வந்த பாராளுமன்றம், தேர்தலே இல்லாமல் தன் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கொள்ளக் கேட்டது. 54.66 வீதம் பேர் "ஆம்" என்றார்கள். நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணும் வாக்கெடுப்பில் வடக்கு கிழக்கு என்ன சொன்னது, கொழும்பு 13இன் கொட்டாஞ்சேனை என்ன சொன்னது என்பதற்குத் தனி நிறை கிடையாது. பூட்டு நல்ல பூட்டுத்தான். சாவி பெரும்பான்மையின் சட்டைப்பையில்.

அப்படியென்றால் தமிழை அரச கரும மொழி என்பதிலிருந்து எடுத்துவிட முடியுமா?

இதைக் கேட்டவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. மேலே சொன்ன பட்டியலில் 18ஆம் உறுப்புரை இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இன் 13ஆவது திருத்தத்தால் எழுதப்பட்ட வரி அதில்தான் இருக்கிறது. எனவே எழுத்தின்படி பார்த்தால் மூன்றில் இரண்டு போதும். அப்படி ஒரு சட்டமூலம் வந்தால், அது மக்களின் இறைமையைத் தொடுகிறது, ஆகவே மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. யாரும் அதைக் கொண்டுவருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. கொண்டுவருவதற்குத் தேவையும் இல்லை.

ஏன் தேவை இல்லை என்பதற்கு என் வீட்டுக் கதை. எனக்கே ஓர் அரச அலுவலகத்திலிருந்து தனிச் சிங்களத்தில் பதிவுத் தபால் வந்தது. "தமிழில் பதில் தருக" என்று தமிழில் எழுதிப் போட்டேன். ஆறு கிழமை கழித்து இரண்டாவது கடிதம், மீண்டும் சிங்களத்தில்: முதலாவது கடிதத்துக்கு நான் பதில் தரவில்லையாம். எந்த அரசியலமைப்பும் இதற்காகத் திருத்தப்படவில்லை. அந்த மேசையில் தமிழ் வாசிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், எழுதினேன். 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் ஒரு ஜனாதிபதியின் வேலை அல்ல, சாதாரணப் பாராளுமன்றப் பெரும்பான்மையின் வேலை என்பதை அந்த ஆசிரியையே எனக்கு நினைவூட்டினார்.

தேசிய கீதத்தைத் தமிழில் பாடுவதை நிறுத்துவார்களா?

சட்டத்தில் தமிழ் வடிவம் இருக்கிறது: அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியின் அட்டவணையைத் திறந்தால் தெரியும். 2016இல் சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடினார்கள். 2020இல் புதிய ஜனாதிபதி வந்து முதல் சுதந்திர தினத்தில் பாடவில்லை. இரண்டுக்கும் இடையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. விழா நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தவர் ஒரு வரியைக் குறைத்தார்.

தீபாவளி, தைப்பொங்கல் விடுமுறையை எடுத்துவிடுவார்களா?

யாரும் தொடவில்லை, தொடும் பேச்சும் இல்லை. ஆனால் இதில் ஒரு சுவையான பழைய கதை இருக்கிறது. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. போயா என்னும் பௌத்த புனித நாளும் அதற்கு முதல் நாளும்தான் விடுமுறை. கிறிஸ்தவர்கள் பூசை முடிந்து வேலைக்கு ஓடினார்கள். கிழமையில் ஒரு நாளையே மாற்றியதும் சாதாரணச் சட்டம்தான்.

ஒரே இரவில் அவரால் என்னதான் செய்ய முடியும்?

கேள்வி என்றால் இதுதான் கேள்வி. கீழ்த் தட்டைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? ஓர் அதிவிசேட வர்த்தமானி இரவு பத்து மணிக்கு வெளிவரும், நள்ளிரவிலிருந்து நடைமுறைக்கு வரும். பருப்புக்கும் வெங்காயத்துக்கும் தகரத்தில் அடைத்த மீனுக்கும் இறக்குமதித் தீர்வை இப்படித்தான் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் இரவில் வர்த்தமானி பார்க்காமல் நித்திரைக்குப் போவதில்லை.

பெரிய உதாரணம் 2021 மே. கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள், ஆனால் ஒரு போகம் போய்விட்டது. அரிசி விலையில் அதைக் கொழும்பும் செலுத்தியது. பாராளுமன்றத்தில் 150 கை உயரவில்லை, மக்கள் தீர்ப்பு நடக்கவில்லை.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு மனம் கூசுகிறது. 2020 ஏப்ரலில், கொவிட் தொற்றினால் இறந்தவர்களைத் தகனம் செய்ய வேண்டும் என்று சுகாதார ஒழுங்குவிதி ஒன்று வர்த்தமானியில் வந்தது. முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் ஜனாஸாவை அடக்க முடியாமல் தவித்தன. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடலும் அந்த டிசம்பரில் தகனம் செய்யப்பட்டது. 2021 பெப்ரவரியில் விதி மாற்றப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மனச்சாட்சிச் சுதந்திரம் 10ஆம் உறுப்புரையில், அந்தப் பெரிய பூட்டுக்குள் பத்திரமாக இருந்த காலத்தில் நடந்தது இது.

பிடிக்காவிட்டால் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட முடியுமா?

பாராளுமன்றம் கூடி இரண்டரை ஆண்டு ஆகும் முன் தன் விருப்பத்துக்குக் கலைக்க முடியாது. பாராளுமன்றமே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால் வேறு கதை. 2018 நவம்பர் 9 இரவு மைத்திரிபால சிறிசேன நேரத்துக்கு முன்னே கலைத்துப் பார்த்தார். அப்போது எல்லை நாலரை ஆண்டு. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தார்கள். அந்த ஐந்து கிழமையும் நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள் இருந்தார்கள் என்று சொன்னால் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இவர்கள் இடதுசாரிகள். வங்கியில் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டால்?

இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட நான் தயாரில்லை. தேர்தலுக்கு முதல் கிழமை ஒரு பெரியவர் தேவாரப் புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். மடித்த இடத்தில் துணியைப் போல நைந்திருந்தது. 1970இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களைச் செல்லாததாக்கியபோது, அவருடைய தகப்பன் அரிசிப் பானைக்குள் மறந்து வைத்திருந்த தாள் அது. 1972இல் காணிக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு, 1973இல் வீட்டுச் சொத்துக்கு உச்சவரம்பு. ஆகவே பெரியவருடைய பயம் கற்பனை அல்ல, ஞாபகம்.

இன்றைய நிலை வேறு. நாடு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்துகொண்ட நான்கு ஆண்டு ஒழுங்குக்குள் இருக்கிறது. புதிய அரசாங்கமும் அதையே தொடர்கிறது. 2023இன் மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்காகப் பணம் அச்சடிப்பதற்குக் கதவை அடைத்துவிட்டது. வங்கியே விழுந்தாலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக ஐந்து நாள் வங்கி மூடியபோதும் இதே பயம்தான் எல்லோருக்கும் இருந்தது, வைப்புகளில் கைவைக்கப்படவில்லை. சுமை விழுந்தது ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளில். அதாவது சம்பளக்காரரின் முதுமைப் பணத்தில்.

ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: நமது அரசியலமைப்பில் சொத்துரிமை ஓர் அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. எந்த ஜனாதிபதி வந்தாலும் அது அப்படித்தான்.

வற் வரி குறையுமா, கூடுமா?

வரிக்குப் பொறுப்பு பாராளுமன்றம். 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். குறைப்போம் என்று தேர்தல் மேடையில் சொல்வது சுலபம், ஒழுங்கின் கணக்கை நிதியத்துக்குக் காட்டுவது கடினம். இதற்கு மேல் சோதிடம்.

நாங்கள் கொழும்பில், காணி ஊரில். ஜனாதிபதி மாறியதால் அந்தக் காணிக்கு ஏதும் நடக்குமா?

2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானிக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு இதே கேள்விதான். வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கரைக் குறிப்பிட்டு, உரிமை இருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் கோர வேண்டும், கோராவிட்டால் அரச காணியாக அறிவிக்கப்படும் என்று வந்தது. என்னிடம் வந்த ஒரு சகோதரியின் கையில் இருந்தது உறுதியின் நிழற்படப் பிரதி. மூலம் இடப்பெயர்வில் போய்விட்டது. சாட்சிக் கையெழுத்தின் பாதி பிரதியில் விழவில்லை. அவருடைய அண்ணன் ரொறொன்ரோவில், தம்பி எங்கேயென்று தெரியாது. மூன்று மாதத்தில் என்ன கோருவது?

எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, அரசாங்கம் அறிவித்தலை மீளப் பெற்றது. இதைப் புதிய ஜனாதிபதியின் சதி என்றும் நான் சொல்லவில்லை, அலுவலர்களின் அலட்சியம் என்றும் சொல்லவில்லை. அதற்கு அடிப்படையான கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்தது. கீழ்த் தட்டில் தூசி படிந்து கிடந்த கத்தியை யாரோ எடுத்தார்கள். உங்கள் உறுதியைத் தேடி எடுத்துக் காணிப் பதிவகத்தில் பதிவைச் சரிபாருங்கள். அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

மறுபடியும் லொட்ஜில் இருப்பவர்களைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றுவார்களா?

2007 ஜூன் 7 விடியற்காலை வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். வெளிநாடு போக, மருத்துவத்துக்கு, கடவுச்சீட்டுக்கு வந்தவர்கள். விரித்த பாய் விரித்தபடியே கிடந்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளையால் அதை நிறுத்தியது.

அந்த வேலைக்கு எந்தச் சட்டமும் மாற்றப்படவில்லை. வாய்மொழி உத்தரவு போதுமாக இருந்தது. ஆகவே "முடியுமா" என்று கேட்டால், முடியாது என்று சத்தியம் செய்ய என்னால் இயலாது. போர்க்காலம் இல்லை, பொலிஸ் பதிவுப் படிவத்தோடு வீடு வீடாக வருவதும் இல்லை. இரண்டும் உண்மை. லொட்ஜில் தங்கும் உறவினருக்கு நான் சொல்வது: அடையாள அட்டையையும் வந்த காரணத்துக்கான தாளையும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புத்திமதியைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு எரிச்சல்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றார்களே, அது ஜனாதிபதியால் முடியுமா?

அவரால் தனியே நீக்க முடியாது. அது நடுத் தட்டுச் சட்டம், பாராளுமன்றம்தான் நீக்க வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதும். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2022இல் திருத்தி, தடுப்புக் கட்டளையின் உச்சத்தை 18 மாதத்திலிருந்து 12 ஆக்கினார்கள். ஆனால் அவரால் தனியே முடிகிற ஒன்று இருக்கிறது: அந்தத் தடுப்புக் கட்டளையில் கையொப்பமிடும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சருடையது, அந்த அமைச்சு ஜனாதிபதியின் கையில். சட்டம் இருக்கும்வரை பேனையை மூடி வைப்பது அவர் விருப்பம்.

அவசரகாலச் சட்டத்தையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதைப் பிரகடனம் செய்வது ஜனாதிபதி. பாராளுமன்றம் 14 நாளுக்குள் அங்கீகரிக்க வேண்டும், ஆயுள் ஒரு மாதம். அவசரகால விதிகள் வேறு சட்டங்களை மேவலாம், அரசியலமைப்பை மேவ முடியாது.

நாங்கள் மலையகத்தார். பிரஜாவுரிமை மறுபடியும் பறிபோகுமா?

பறித்ததும் ஜனாதிபதி அல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில். பிறகு 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைத் தலையெண்ணிப் பங்கு பிரித்தது. எஞ்சியவர்களின் கணக்கை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. இப்போது பிரஜை என்ற அந்தஸ்து ஒன்றுதான், அதில் தரம் பிரிப்பதை அரசியலமைப்பு ஏற்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆட்டுப்பட்டித் தெருவில் கடைச் சிப்பந்தி. பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவாமிப் படங்களோடு மாட்டியிருக்கிறாராம். மாட்டுங்கள், ஆனால் ஒரு பிரதி எடுத்து வையுங்கள் என்றேன்.

லண்டனில் இருக்கும் மகனின் இரட்டைப் பிரஜாவுரிமை என்னவாகும்?

ஒன்றும் ஆகாது. 2022இன் 21ஆவது திருத்தம் இரட்டைப் பிரஜைகளுக்குத் தடுத்தது பாராளுமன்ற, ஜனாதிபதிப் பதவிகளைத்தான். மகனுக்கு அந்த எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இவர்கள்தானே வடக்கு கிழக்கைப் பிரித்தவர்கள்? மாகாண சபையையும் ஒழித்துவிடுவார்களா?

வடக்கையும் கிழக்கையும் 1988இல் இணைத்தது ஜனாதிபதி ஜயவர்தனவின் பிரகடனம். அது சட்டப்படி செல்லாது என்று 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்த்தது. வழக்கைக் கொண்டுபோனவர்கள் மக்கள் விடுதலை முன்னணியினர். இன்றைய தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பும் அந்தக் கட்சிதான். 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தை எதிர்த்து அவர்கள் நடத்தியது என்ன என்பது தெற்குக்கும் தெரியும். ஆகவே கேள்வி நியாயமானது.

ஒழிப்பதற்கு மூன்றில் இரண்டு வேண்டும், அந்தச் சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேட்கவும் வேண்டும். கேட்பதற்குச் சபை எங்கே? வட மாகாண சபைத் தேர்தல் கடைசியாக 2013 செப்டம்பரில் நடந்தது. அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2019க்குள் மற்ற எல்லாச் சபைகளும் முடிந்தன. தேர்தல் முறையை 2017இல் மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது, ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. சமர்ப்பித்த அமைச்சர் உட்பட. பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல், ஒன்பது மாகாணத்தையும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்கள் நடத்துகிறார்கள்.

யாரும் எதையும் ஒழிக்கவில்லை. தேர்தலை வைக்கவில்லை. வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த ஜனாதிபதிகள் வந்து போனார்கள், இந்த ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கை. "என்ன மாற்றுவார்" என்று கேட்கிறவர்களிடம் "எதைச் செய்யாமல் விடுவார்" என்றும் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜனாதிபதிக்கு எதிராக வழக்கே போட முடியாதாமே?

பதவியில் இருக்கும்போது அவர்மேல் நேரே முடியாது. ஆனால் அவருடைய உத்தியோகபூர்வச் செயல் அடிப்படை உரிமையை மீறினால் சட்டமா அதிபரை எதிராளியாக்கி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பாராளுமன்றக் கலைப்பு வழக்கு அப்படித்தான் வந்தது. பதவி போன பிறகு அந்தக் காப்பும் இல்லை: 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று குறிப்பிட்டவர்களில் முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவும் ஒருவர்.

கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. என்னிடம் மூன்றாம் மாதத்தில் தாளை மொழிபெயர்க்க வருகிறவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருப்பதில்லை.

ஐந்து ஆண்டு முடிந்தும் போகமாட்டேன் என்றால்?

இரண்டு தவணைக்கு மேல் நிற்க முடியாது. ஆனால் அந்த வரம்பு 2010இல் 18ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டு, 2015இல் 19ஆவதால் திரும்பி வந்தது; இரண்டு தடவையும் மூன்றில் இரண்டு கை உயர்ந்தது, அவற்றில் பல ஒரே ஆட்களின் கைகள்.

தவணையை நீட்டுவதில் ஒரு நூல் பிரிந்து கிடக்கிறது. ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டினால் மக்கள் தீர்ப்பு வேண்டும் என்று 83ஆம் உறுப்புரை சொல்கிறது. 2015இல் தவணையை ஐந்தாக்கினார்கள், அங்கே இருந்த ஆறை மாற்ற மறந்தார்கள். 2024 ஜூலையில் அதைத் திருத்தச் சட்டமூலம் ஒன்றை வர்த்தமானியில் போட்டதும், தேர்தலைத் தள்ளத்தான் போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தேர்தல் குறித்த நாளில் நடந்தது.

இந்த ஜனாதிபதி முறையையே ஒழித்துவிட்டால் நமக்கு நல்லதுதானே?

கதிரையில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஆம் என்பார்கள், பாதிப் பேர் ஐயோ வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்பவர்களின் நியாயம்: ஐம்பது வீதம் எடுக்க வேண்டியவன் கொழும்பு மத்திக்கும் மட்டக்களப்புக்கும் வந்து கும்பிட வேண்டும், 2015இல் நம் வாக்குத்தான் துலாக்கோலைச் சாய்த்தது. வேண்டும் என்பவர்களின் நியாயம்: மேலே இருக்கும் பதில்கள் எல்லாம்.

என் எண்ணத்தைக் கேட்டால், ஒழித்தாலும் கீழ்த் தட்டு அங்கேயே இருக்கும். கையொப்பம் மட்டும் பிரதமருடையதாக மாறும். தனிச் சிங்களச் சட்டத்தையும் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் மேலே பார்த்தோம். அப்போது ஜனாதிபதி இல்லை. ஆயினும் ஒழிப்பதற்குத்தான் நான் வாக்களிப்பேன். தவறு செய்யப் பாராளுமன்றத்தில் 113 பேரைச் சம்மதிக்கவைக்க வேண்டுமென்றால் கொஞ்சமாவது நேரம் பிடிக்கும்.

புதிய அரசியலமைப்பு வந்தால் பிறப்புச் சான்றிதழை மறுபடியும் மொழிபெயர்க்க வேண்டுமா?

வேண்டாம். எனக்கு வருமானம் வரும், ஆனாலும் வேண்டாம். 1972இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோனிலிருந்து சிறீலங்காவாக மாறியபோதுகூடப் பழைய சான்றிதழ்கள் செல்லாமல் போகவில்லை. 1950களின் பிறப்புப் பதிவுகளை இன்றும் மொழிபெயர்க்கிறேன். தமிழில் நாட்டின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அன்றும் இலங்கை, இன்றும் இலங்கை.

வரும்போது பிரதியைக் கொண்டுவாருங்கள். மூலத்தை வீட்டில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.